பெட்ரோல் குடித்த அம்பாசிடர்

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "பாவு நூலில் ஆரம்பித்துப் பாம்பில் கொண்டுபோய் முடிக்கிறீர்களே அம்மா" என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். என்ன செய்ய? என் வாய் அப்படி. கையும் அதற்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது. அதனால் இந்த வாரம், நடந்த கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுவதை அப்புறம் சுற்றிக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் பழைய அம்பாசிடர் கார் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்காக. இருமியது, விக்கியது, குலுங்கியது. சைலன்சர் வழியாகக் கரும்புகையாகத் தள்ளியது. கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணி எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

காரைச் சுற்றி நாங்கள் நாலு பேர். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த புரோக்கர் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இவர். வாசற்படியில் என் மாமியார். வேப்பமரத்தடியில் யாரையும் பார்க்காமல் நான்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். துணி நெய்கிற தறிக்குடோன் வைத்திருந்தார். பெயரைச் சொல்ல எனக்குப் பயமெல்லாம் இல்லை. இத்தனை வருஷம் சொல்லாமலே குடும்பம் நடந்துவிட்டது, இனிமேல் எதற்கு என்றுதான்.

புரோக்கருக்குப் பிடித்துவிட்டால் அன்றைக்கே கார் போய்விடும். கார் போனால், உடுமலைப்பேட்டையில் இருக்கிற அப்பாவை நினைத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதும் அதோடு போய்விடும். எனக்கு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அழவில்லை. அழுதால் புரோக்கர் விலையைக் குறைத்துவிடுவார் என்று தோன்றியது. வேண்டாத வியாபாரத்திலும் நஷ்டம் ஆகக்கூடாது என்கிற புத்தி எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறது.

அப்பா கொடுத்த வண்டி

அந்தக் கார் அப்பாவுடையது. உடுமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. அப்பா அந்த அம்பாசிடரை வைத்துக்கொண்டு செய்யாத வேலை இல்லை. கல்யாணத்துக்கும் போகும், கருமாதிக்கும் போகும். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் தேங்காய் மூட்டையும் போகும். எத்தனை துடைத்தாலும் உள்ளே கொப்பரை வாசம் போகாது.

நான் கல்லூரியில் படிக்கும்போதே ஓட்டப் பழகிவிட்டேன். அமராவதி அணைக்குப் போகிற ரோட்டில் நான் ஓட்டிக்கொண்டு போனால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டுமே, எனக்கென்ன. நானும் ஒரு ஆரன் அடித்துவிட்டுப் போவேன்.

கல்யாணமாகிக் கருமத்தம்பட்டிக்கு வந்த பிறகு பிறந்த வீட்டுக்குப் போவது பெரிய பாடு. இரண்டு பிள்ளைகள், ஒரு பை, மாறி மாறி ஏறுகிற பஸ். பெரியவனுக்குப் பஸ் ஏறினால் வாந்தி வரும். சின்னவளுக்கு அண்ணன் வாந்தி எடுப்பதைப் பார்த்தால் வாந்தி வரும். பல்லடம் பஸ் ஸ்டாண்டில் நான் விட்ட கண்ணீரை எழுதினால் அதுவே தனித் தொடராக ஓடும்.

அம்மா போன பிறகு அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. ஒருநாள் அண்ணனை ஓட்டச் சொல்லிக் காரை எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

"எனக்கு இனி ரோடு தெரியறதில்ல கண்ணு. நீ வெச்சு ஓட்டு. என்னையப் பாக்கோணும்னு தோணுச்சுன்னா பஸ்ஸுக்குக் காத்துட்டு நிக்காம கெளம்பி வந்துரு" என்றார்.

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அண்ணன்தான், "காபி இருக்குதா இல்லையாம்மா?" என்று கேட்டு எங்களைக் காப்பாற்றினான்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு உடுமலை. விடிந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சோமனூர், பல்லடம், குடிமங்கலம் என்று ஓட்டிக்கொண்டு போவேன். அப்பா தோப்பு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பயணத்தை நம்பித்தான் நான் மற்ற நாட்களைத் தள்ளினேன் என்று சொன்னால் அது மிகையில்லை. புகுந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் நான் வேறு ஆள்.

வண்டிக்கு வந்த நோய்

வந்து ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கியர் மாற்றும்போது ஒரு குலுக்கல். அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்தால் புகை. சிக்னல் மாதிரி எங்கேயாவது நின்றால் பொட்டென்று அணைந்துபோகும். நால்ரோட்டில் நட்டநடுவே அணைந்துபோய், பின்னால் பஸ்காரர் ஆரன் அடிக்க, ஊரே வேடிக்கை பார்க்க, நான் சாவியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

குடி என்றால் அப்படி ஒரு குடி. அரை டேங்க் போட்டுக்கொண்டு உடுமலை போனால், திரும்பும்போது பல்லடத்திலேயே பெட்ரோல் முள் கீழே படுத்துக்கொள்ளும். காருக்குள் கொப்பரை வாசம் போய்ப் பெட்ரோல் வாசம் வந்துவிட்டது.

"இது கார் இல்ல சரசு, மொடாக்குடியன்" என்றார் இவர்.

வீட்டுக்கு ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு சித்தப்பா, "இன்ஜினைத் தூக்கிப்போட்டு டீசல் இன்ஜினை வெய்யிங்க" என்றார். ஒரு மாமா, "எறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டோணும்" என்றார். அதை நம்பி நான் ஒரு இறக்கத்தில் உருட்டப் போய், கீழே போனதும் ஸ்டார்ட் ஆகாமல், வெங்காய வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். மாமியார் தன் பங்குக்கு, "கண்ணு பட்டுப்போச்சு அம்மணி, பொம்பள கார் ஓட்டுனா எத்தன கண்ணு பாக்கும்" என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார். வண்டி அதையும் தாண்டிப் புகை விட்டது.

கண் தெரியாத அப்பாதான் தோப்பு வாசலிலிருந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, வண்டி மூச்சுத் திணறுது?" என்று கேட்டார். வயசாகிவிட்டது, எல்லாம் மூச்சுத் திணறுகிற மாதிரிதான் அவருக்குக் கேட்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆரோக்கியசாமியின் பட்டறை

எங்கள் ஊரில் கார் மெக்கானிக் என்றால் ஆரோக்கியசாமி. மாதா கோயில் பக்கத்தில் பட்டறை. கோயமுத்தூரில் வேலை பழகிவிட்டு வந்து சொந்தமாக வைத்தவர். அதிகம் பேச மாட்டார். இன்ஜினுக்குள் தலையை விட்டால் வெளியே எடுக்கவும் மாட்டார்.

அவரும் சளைக்காமல் பார்த்தார். பிளக் நாலையும் கழற்றுவார். கரி பிடித்து அடுப்புக் கரண்டி மாதிரி கறுத்திருக்கும். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்துப் போடுவார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டுவார். இன்ஜினை ஓடவிட்டு, காதைச் சாய்த்து, திருப்புளியால் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருகி ட்யூனிங் செய்வார். வண்டி பட்டறையில் சொன்னபடி கேட்கும். நைசாக ஓடும். எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருக்கும்.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவதற்குள் பழையபடி இருமத் தொடங்கிவிடும்.

"ஏனுங்க ஆரோக்கியசாமி, பட்டறைல நல்லாத்தானுங்களே இருந்துச்சு? ஊட்டுக்குப் போனதும் என்ன கெரகம் புடிக்குது அதுக்கு?" என்று ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். எதையோ சொல்ல வந்த மாதிரி, என்னோடு வந்திருந்த இவரைப் பார்த்தார். பிறகு, "வண்டிக்கு வயசாச்சுங்க்கா" என்று முடித்துக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தையை இவர் பிடித்துக்கொண்டார். "மெக்கானிக்கே சொல்லிட்டாப்ல. இனி வெச்சு அழுக முடியாது. குடுத்துப்போடலாம்."

"அப்பறம் நான் எப்படிங்க உடுமலை போறது?"

"நான் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன். தறி நின்னா போலாமல்ல."

தறி எப்போது நின்றது? கரண்டு போனால்தான் நிற்கும். கரண்டு போனால் அதைச் சாக்கிட்டு ரிப்பேர் வேலை நடக்கும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நூல் விலை ஏறிப்போய், நெய்த காடாத் துணி விலை இறங்கிப்போய்க் கிடந்த காலம் அது. பெட்ரோல் விலையைக் கேட்டால் அவர் முகம் சுருங்குவது எனக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, மனசு கேட்பது வேறு. தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று அப்பாவைப் பார்க்கப் போகிற பெண்ணாக நான் ஆகப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். காபி டம்ளரை மட்டும் டொக்கென்று வைப்பேன். அந்தச் சத்தத்துக்கே அவர் நிமிர்ந்து பார்ப்பார், மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார். அப்படி ஒரு காலையில்தான் புரோக்கருக்குப் போன் செய்தார். "வந்து பாருங்க. புடிச்சா எடுத்துட்டுப் போயிருங்க" என்று சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

புரோக்கர் குனிந்தார்

இப்போது வாசலுக்கு வந்துவிடலாம்.

அந்தப் புரோக்கர் பேச்சில் 'ங்க' இருக்கும், மரியாதை இருக்காது. எங்கள் ஆட்களிடம் அது அபூர்வம். வந்ததிலிருந்து, "டயர் மொட்டைங்க", "கதவு துருங்க", "பெயிண்ட்டு பல்லைக் காட்டுதுங்க" என்று ஒவ்வொன்றாக மட்டம் தட்டிக்கொண்டிருந்தார். இன்ஜினுக்குள் தலையை விட்டவர் திடீரென்று சத்தமாகச் சிரித்தார்.

"இதென்னங்க இது? இன்ஜினுக்குக் கோமணம் கட்டி உட்டிருக்கீங்க?"

இன்ஜினுக்கு மேலே வட்டமாக ஒரு டப்பா இருக்கும். ஏர் பில்டர். அதிலிருந்து மூக்கு மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் காற்றை இழுப்பது அந்த மூக்கு வழியாகத்தான். அந்த மூக்கை மூடி மஞ்சள் துணி ஒன்று நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே சந்தனம், குங்குமம். அதற்கு மேலே தறிக்குடோன் பஞ்சு படிந்து படிந்து மெத்தை மாதிரி ஏறியிருந்தது.

"ஐயோ, அதைத் தொடாதீங்க! சாமி துணி அது!" என்று மாமியார் வாசற்படியிலிருந்து கத்தினார்.

"சாமிக்கே மூச்சு முட்டுமுங்க இதுல" என்று சொல்லிக்கொண்டே புரோக்கர் நூலை அறுத்துத் துணியைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

இன்ஜின் இரண்டு தடவை இருமியது. கறுப்பாக ஒரு மொத்தை புகையைத் தள்ளியது. பிறகு குலுக்கல் நின்றது. சத்தம் சீராகி ஏறியது. புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தேடுகிற மாதிரி ஆகிவிட்டது. உடுமலைத் தோப்புக்குள் அப்பா ஓட்டிக்கொண்டு வரும்போது கேட்குமே, அந்தச் சத்தம். எனக்கு அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

எல்லோருக்கும் முன்னால் சுதாரித்தவர் புரோக்கர்தான். கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டைச் சாத்தினார். குரலே மாறிப்போயிற்று.

"பரவால்லீங்க, வண்டி நெம்ப மோசமில்ல. நான் நெனச்சு வந்ததுக்கு மேலயே போட்டுக் குடுத்தர்றேன். இப்பவே எடுத்துக்கறேன்."

எனக்குத் திக்கென்றது. கெட்டுக்கிடந்தபோது போனால் கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். குணமான நிமிஷத்திலா போக வேண்டும்?

இவர் சொன்ன சொல் மாறாத ஆள். நூல் கடையிலும் காடா வியாபாரியிடமும் வாய்ச்சொல்லிலேயே வியாபாரம் நடத்தியவர். போனில் சொன்னதைப் புரோக்கரும் மறக்கவில்லை. "புடிச்சா எடுத்துட்டுப் போன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்று நினைவுபடுத்தினார்.

இவர் கீழே கிடந்த துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காருக்குள் கையை விட்டு இன்ஜினை அணைத்தார். சாவியை உருவினார். போச்சு, முடிந்தது என்று நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் புரோக்கரைத் தாண்டி நடந்து வந்து என் கையில் சாவியை வைத்தார்.

"வண்டி இவளுதுங்க" என்றார் புரோக்கரிடம். "இவங்கப்பா இவளுக்குக் குடுத்தது. போன்ல நான் சொன்னது என்ற தப்புங்க, மன்னிச்சுக்கங்க. குடுப்பாளான்னு இவகிட்டயே கேட்டுக்கங்க."

வந்ததிலிருந்து என்னை ஒரு ஆளாகவே பார்க்காத புரோக்கர் அப்போதுதான் திரும்பினார். "என்னங்கம்மா சொல்றீங்க?"

"விக்கறதில்லீங்க" என்றேன். "இருந்து காபி குடிச்சுப்போட்டுப் போங்க."

அவரும் மனுஷன்தான். கொஞ்சம் முனகினார், ஆனால் உட்கார்ந்து காபி குடித்தார். அன்றைக்கு டம்ளரை நான் மெதுவாகவே வைத்தேன். "அந்தத் துணியை அவுக்காம உட்டிருந்தா பாதி வெலைக்கு முடிச்சிருப்பனுங்க. என்ற பொழப்புல நானே மண்ணைப் போட்டுக்கிட்டேன்" என்று தலையில் தட்டிக்கொண்டு பஸ் ஏறப் போனார். அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் மரியாதை இல்லாத ஒரே ஆள் அவர்தான். அவரால்தான் வண்டி பிழைத்தது.

யார் கட்டிய துணி?

புரோக்கர் போனதும் நாங்கள் மூன்று பேரும் துணியைச் சுற்றி நின்றோம்.

"ஏனுங்கத்தை, இது நீங்க வேண்டிக் கட்டினதுதானுங்களே?" என்றேன். எங்கள் பக்கம் வேண்டுதல் என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டுவது வழக்கம். பானெட்டைத் திறக்கும்போது நானும் அதைப் பார்த்திருக்கிறேன். கொடுமுடிக் கோயிலுக்கோ எங்கேயோ வேண்டியிருக்கிறார் போல என்று விட்டுவிட்டேன். மாமியார் வேண்டுதலில் வாயைக் கொடுக்க நான் என்ன பைத்தியமா?

"நானா?" என்றார் அவர். "நான் எங்க கட்டினேன் அம்மணி? ஆயுத பூசைக்குத் தறிக்கெல்லாம் பொட்டு வெச்சுட்டு வண்டிக்கு வெக்கப் போனா, வெள்ளத் துணியா வெறுமனே கெடந்துச்சு. மஞ்சத்தண்ணி தொட்டுப் பொட்டு வெச்சேன். வருசா வருசம் வெக்கறேன். உன்ற அப்பா கட்டி உட்டதாக்கும்னு நெனச்சேன். சம்பந்தி கட்டினதை நான் அவுத்துப்போட முடியுமா?"

நாங்கள் இரண்டு பேரும் இவரைப் பார்த்தோம். அவர் காது சிவந்திருந்தது.

"நாந்தான் கட்டினேன்" என்றார்.

கார் வந்த புதிதில் அதை எங்கே நிறுத்துவது என்று பேச்சு வந்தது. வெயிலில் நிற்கக்கூடாது என்று தறிக்குடோனுக்குள்ளேயே ஒரு மூலையை ஒதுக்கினார். இரண்டு தறி போடுவதற்கு வைத்திருந்த இடம். ஆனால் குடோனில் பஞ்சு பறக்கும். எங்கள் புருவத்தில் பஞ்சு, பிள்ளைகளின் தலையில் பஞ்சு, குழம்பில் கூட மிதக்கும். அது இன்ஜினுக்குள் போய்விடுமே என்று, எங்கள் தறியில் நெய்த காடாவிலேயே ஒரு துண்டு கிழித்துக் கட்டியிருக்கிறார். தறிக்காரருக்குத் துணி மேல் இருக்கிற நம்பிக்கையைப் பாருங்கள். கட்டியதோடு சரி, அவிழ்த்து உதற வேண்டும் என்று தோன்றவே இல்லை. பஞ்சை வெளியே நிறுத்திய துணி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றையும் வெளியே நிறுத்திவிட்டது. காற்று குறைந்த இன்ஜின் பெட்ரோலை மட்டும் குடித்துக்கொண்டு கரியைக் கக்கியது.

"அப்பறம் மஞ்சளாயிருந்ததைப் பாத்தீங்கல்ல? ஏங்க அவுக்கல?" என்றேன்.

"நம்ம துணி வெள்ளையாச்சே. இது மஞ்சள். அம்மா வேற வேண்டுதல் துணி மேல கட்டிட்டாங்களாக்கும்னு நெனச்சேன். தப்புன்னா ஆரோக்கியசாமி சொல்லியிருப்பாப்லன்னு இருந்துட்டேன்."

"இதுக்கெல்லாம் எதுக்குங்க நீங்க துணியத் தூக்கிட்டுப் போனீங்க?"

என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு மாமியாருக்குக் கேட்காத மாதிரி சொன்னார். "உங்கப்பா வண்டிய அப்படி வெச்சிருந்தாரு. நம்ம ஊட்டுக்கு வந்து கெட்டுப்போச்சுன்னு நாளைக்கு அவரு நெனைக்கக் கூடாதல்ல சரசு."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த வண்டியை அவர் வெறுக்கிறார் என்றுதானே இத்தனை மாதம் நான் டம்ளரை டொக்கு டொக்கென்று வைத்தேன்! அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை இந்தப் பத்திரிகையில் எழுதினால் என் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். அதனால் இத்தோடு விடுகிறேன்.

கேட்கப்படாத கேள்வி

சாயங்காலம் துணியையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பட்டறைக்குப் போனோம். ஆரோக்கியசாமி இன்ஜின் சத்தத்தைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டார். துணி என் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"அவுத்துப்போட்டீங்களா!" என்றார். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு பெருமூச்சு.

"அப்ப உனக்குத் தெரியுமா?" என்றார் இவர்.

"சந்தேகம் இருந்துச்சுங்ணா. ஆனா அது உங்க சாமிக்குக் கட்டினது. நானு மாதா கோயிலுக்குப் போறவன். என்ற கையால அதை எப்படிங்க அவுக்கறது? ட்யூனிங் பண்ணும்போது அந்த டப்பாவையே துணியோட ஒட்டுக்காக் கழட்டி, சுத்தமான எடமாப் பாத்து வெச்சுருவேன். வேலை முடிஞ்சதும் துணி கசங்காம மாட்டிக் குடுத்துருவேன்."

பட்டறையில் வண்டி நன்றாக ஓடியதும் வீட்டுக்கு வரும்போது கெட்டதும் அதனால்தான். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க?" என்றேன் நான்.

"எப்படிங்க்கா கேக்கறது?" என்றார் அவர், சாதாரணமாக.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய அப்பா எங்கள் மாமனார் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கூலி வாங்க வந்தால் வாசலுக்கு வெளியே நின்றுதான் வாங்குவாராம், மாமியார் சொல்லியிருக்கிறார். எதையும் கேட்கக்கூடாது என்பதை அந்தக் குடும்பம் எங்கள் வாசலில் நின்றுதான் படித்திருக்கிறது. இப்போது பையன் பட்டறை வைத்து நாலு ஊர் காரைப் பார்க்கிறார். இருந்தும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. அதற்கு அவரை நான் கோபித்துக்கொண்டு என்ன பயன்?

இவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். "இனிமே என்ற ஊட்டு வண்டியில எது இருந்தாலும் கேட்டுப்போடோணுங்க ஆரோக்கியசாமி. அவுக்கோணும்னா அவுத்துப்போடோணும்" என்றார். ஆரோக்கியசாமியை அவர் 'ங்க' போட்டுப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சரிங்ணா" என்றார் ஆரோக்கியசாமி. கொஞ்சம் யோசித்தார். "அப்ப இப்பவே ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த ஆரன் யாரு வேண்டுதலுங்க? கழுத கத்தற மாதிரி இருக்குது, மாத்திப்போடலாமுங்களா?"

இவர் சிரித்த சிரிப்பில் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆரனும் மாறியது. புது பில்டர் வந்தது. பிளக்கைக் கழுவி, கார்புரேட்டரை மறுபடி ஒருமுறை திருகி, ஆரோக்கியசாமி வண்டியை ஒப்படைத்தார். குடோனை விட்டுத் தள்ளி, பஞ்சு வராத பக்கமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் நிறுத்தினோம். குடோனில் காலியான இடத்தில் தறி வந்தது.

உடுமலை ரோடு

அடுத்த ஞாயிறு நான் கிளம்பும்போது இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நானும் வாரேன்."

அதுவரை நான் ஓட்ட அவர் உட்கார்ந்து வந்ததே இல்லை. அவருக்கு ஓட்டத் தெரியாது. பெண்டாட்டி ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து போனால் நால்ரோட்டில் நாலு பேர் லொள்ளு பண்ணுவார்கள் என்கிற கூச்சம். பண்ணவும் செய்தார்கள். "என்னங்ணா, டிரைவர் போட்டாச்சுங்களா?" என்று பேக்கரி வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. இவர் கையை மட்டும் ஆட்டினார்.

பல்லடம் வரைக்கும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முள் அசையவில்லை. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மழை பெய்து பச்சையாகக் கிடந்த காடு, அப்போதுதான் நட்டுக்கொண்டிருந்த காற்றாடிக் கம்பங்கள், ஜன்னல் வழியாக ஈரக்காற்று. பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். இவர் அதட்டுகிற சத்தம் கேட்கவில்லையே என்று திரும்பினால் தூங்கிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்த மனுஷன், வாயைத் திறந்துகொண்டு, தலை கண்ணாடியில் முட்ட முட்ட அப்படி ஒரு தூக்கம். அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. பள்ளம் வந்தால் மெதுவாக இறக்கி ஏற்றினேன்.

தோப்பு வாசலில் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். இரண்டு பக்கமும் முன் கதவு சாத்துகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"மாப்பிள்ளையும் வந்திருக்காரா? வண்டி நல்லா வந்துச்சே. நீங்கதான் ஓட்டுனீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "நான் பல்லடத்துலயே தூங்கிப்போட்டனுங்க மாமா. ஓட்டினது உங்க புள்ளதானுங்க" என்று, தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆட்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.